யாருடன் சமாதானம்? – 1801ஆம் ஆண்டுப் போர் முடிவும் கரிசல் சீமையும்

அருப்புக்கோட்டையிலிருந்து தெற்கே எட்டயபுரம் நோக்கிச் செல்லும் வழியில் பந்தல்குடி இருக்கிறது. சுற்றிலும் வானம் பார்த்த கரிசல் நிலம். பருத்தியும் கம்பும் சோளமும் விளையும் காடுகள். சீமைக் கருவேலம் மண்டிய கண்மாய்க் கரைகள். சுண்ணாம்புக்கல் வெட்டியெடுக்கப்படும் பள்ளங்கள். வடகிழக்கே குண்டாற்றங்கரையில் திருச்சுழி, தெற்கே நாகலாபுரம், அதற்கும் தெற்கே பாஞ்சாலங்குறிச்சி. இவ்வழியே செல்வோர், இந்தப் பரப்பு ஒரு காலத்தில் இராமநாதபுரம் சீமைக்கும் திருநெல்வேலிப் பாளையங்களுக்கும் இடைப்பட்ட எல்லை நிலமாய் இருந்ததையும், 1799 முதல் 1801 வரை நிகழ்ந்த போர்களின் நடுவே இது கிடந்ததையும் நினைப்பதில்லை.

அப்போர்களைப்பற்றி நம் மக்கள் நிறைய அறிவர். கட்டபொம்மன், ஊமைத்துரை, மருதிருவர் ஆகியோரின் கதை தெருக்கூத்திலும் கும்மியிலும் திரையிலும் பலமுறை சொல்லப்பட்டுள்ளது. ஆனால் போர் முடிந்தபின் என்ன நடந்தது என்பது அத்துணை சொல்லப்படவில்லை. வென்றவர்கள் சமாதான நிபந்தனைகளை எவ்வாறு வகுத்தனர்? யாரோடு பேசி வகுத்தனர்? அவ்வமைதி யாருடைய அமைதியாய் இருந்தது? இவ்வினாக்களை எழுப்பி, திருமறையின் ஒளியில் அவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். சமாதானத்தின் ஊழியம் தங்களிடம் ஒப்புவிக்கப்பட்டதாய் நம்பும் திருப்பணியாளருக்கு இது வெறும் பழங்கதை ஆகாது.

தொலைவில் எழுதப்பட்ட சமாதானங்கள்

பதினெட்டாம் நூற்றாண்டில் தமிழகத்தின் தலைவிதி பலமுறை தமிழகத்துக்கு வெளியே எழுதப்பட்டது. 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றினர். 1748இல் ஐரோப்பாவில் ஏ-லா-ஷப்பேல் நகரில் உடன்படிக்கை ஏற்பட்டபோது சென்னை ஆங்கிலேயருக்குத் திரும்பிற்று. அதற்கு ஈடாக வட அமெரிக்காவிலுள்ள லூயிபூர்க் கோட்டை பிரெஞ்சுக்காரருக்குத் திரும்பிற்று. சென்னையில் வாழ்ந்தோரை எவரும் எதுவும் கேட்கவில்லை. 1763ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கை ஒருபடி மேலே சென்றது. கர்நாடகத்தின் உரிமையுள்ள நவாபு முகமது அலியே என்பதை ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஏற்றுக்கொள்வதாக அதன் பதினோராம் விதி கூறிற்று. மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் யார் தலைவர் என்பது பாரிஸ் மாநகரில் முடிவாயிற்று.

எனினும், வலிமை சமமாய் இருந்தபோது பேச்சு உண்மையான பேச்சாகவே நடந்தது என்பதையும் நாம் ஒப்புக்கொள்ளவேண்டும். இரண்டாம் மைசூர்ப் போரின் முடிவில், 1784 மார்ச்சு 11இல், மங்களூரில் திப்பு சுல்தானுக்கும் கம்பெனிக்கும் ஏற்பட்ட உடன்படிக்கையை இதற்குச் சான்றாகக் காட்டலாம். ஒருவர் கைப்பற்றிய இடங்களை மற்றவருக்குத் திருப்பித் தருவதென்றும், கைதிகளை விடுவிப்பதென்றும் இருசாராரும் இசைந்தனர். இருவரும் களைத்திருந்தனர்; இருவரும் ஒருவருக்கொருவர் அஞ்சினர்; ஆகவே இருவரும் விட்டுக்கொடுத்தனர்.

1792இல் நிலைமை மாறிற்று. காரன்வாலிஸ் பிரபு ஸ்ரீரங்கப்பட்டணத்தை முற்றுகையிட்டபின் எழுந்த உடன்படிக்கையில் திப்பு தம் நாட்டில் பாதியை இழந்தார். 3 கோடியே 30 இலட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்க இசைந்தார். தம் புதல்வர் இருவரைப் பிணையாக ஒப்புவித்தார். திண்டுக்கல், பாராமகால், மலபார்ப் பகுதிகள் கம்பெனியைச் சேர்ந்தன. முதற்கட்ட நிபந்தனைகளுக்கும் இறுதி உடன்படிக்கைக்கும் இடையே குடகு நாட்டைக்குறித்து வாதம் எழுந்தது. ஆனால் பிள்ளைகள் ஏற்கெனவே எதிரியின் பாளையத்தில் இருந்தனர். முற்றுகையை மீண்டும் தொடங்குவோம் என்ற அச்சுறுத்தலும் வந்தது. திப்பு பணிந்தார். அங்கே பேச்சு இருந்தது. ஆனால் மறுத்துப் பேசும் ஆற்றல் ஒரு பக்கத்தில் இல்லை.

இராமநாதபுரத்திலும் கயத்தாற்றிலும்

அதே 1792இல், ஜூலைத் திங்களில், நவாபோடு செய்துகொண்ட உடன்படிக்கையின்படி பாளையக்காரரிடம் கப்பம் தண்டும் உரிமை கம்பெனியிடம் வந்தது. கப்பம் செலுத்தவேண்டிய பாளையக்காரர் அவ்வுடன்படிக்கையில் ஒரு தரப்பாய் இல்லை. யாருக்குச் செலுத்துவது, எவ்வளவு செலுத்துவது, தவறினால் என்ன நேரும் என்பனவெல்லாம் அவர்களுக்கு அறிவிக்கப்பட்டன, அவ்வளவே.

பாஞ்சாலங்குறிச்சியின் நிலுவையைப்பற்றிப் பேசக் கட்டபொம்மனைக் கலெக்டர் ஜாக்சன் அழைத்தார். அழைத்தவர் ஓரிடத்திலும் நில்லாமல் ஊர் ஊராகச் சென்றார். அழைக்கப்பட்டவர் குற்றாலம் முதல் அவரைப் பின்தொடர்ந்து, இறுதியில் 1798 செப்டம்பரில் இராமநாதபுரத்தில் சந்தித்தார். அச்சந்திப்பு கைகலப்பில் முடிந்தது. கிளார்க் என்னும் படை அதிகாரி கொல்லப்பட்டார்; பாளையத்தின் அமைச்சர் சுப்பிரமணிய பிள்ளை சிறைப்பட்டார்; கட்டபொம்மன் தப்பினார். பின்னர் சென்னையில் கம்பெனியாரே அமைத்த குழு ஜாக்சனின் போக்கு தவறானது எனக் கண்டது. அவர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். பேச்சு என்பதற்கு ஒரு வாய்ப்பு இருந்தது என்பதற்கும், அவ்வாய்ப்பு அழைத்தவர் பக்கத்திலேயே முதலில் பாழாக்கப்பட்டது என்பதற்கும் கம்பெனியின் ஆவணங்களே சான்று.

1799 மே 4இல் திப்பு வீழ்ந்தார். மைசூரைப்பற்றிய அச்சம் நீங்கிய கம்பெனிக்கு இனிப் பேச்சு தேவைப்படவில்லை. செப்டம்பரில் மேஜர் பானர்மன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கினார். சுப்பிரமணிய பிள்ளை நாகலாபுரத்தில் தூக்கிலிடப்பட்டார். புதுக்கோட்டைச் சீமையில் பிடிபட்ட கட்டபொம்மன் அக்டோபர் 16இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். அன்று மற்றைப் பாளையக்காரர் யாவரும் அங்கே வரவழைக்கப்பட்டிருந்தனர். அவர்கள் அறங்கூறவும் வரவில்லை, பேசித் தீர்க்கவும் வரவில்லை, காண்பதற்காக அழைக்கப்பட்டனர். பாஞ்சாலங்குறிச்சி, ஏழாயிரம்பண்ணை, கோலார்பட்டி, நாகலாபுரம், காடல்குடி, குளத்தூர் ஆகிய ஆறு பாளையங்கள் பறிக்கப்பட்டு, கம்பெனியின் பக்கம் நின்றோருக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டன. எட்டயபுரம் பெரும்பங்கு பெற்றது. பந்தல்குடிக்குத் தெற்கேயுள்ள கரிசல் நிலம் பெரும்பாலும் இவ்வாறே கைம்மாறிற்று.

மூன்று சிம்மாசனங்கள்

வென்றவர் தோற்றவரோடு உடன்படிக்கை செய்வதாகவே நாம் பொதுவாக எண்ணுகிறோம். 1799க்கும் 1801க்கும் இடையில் நிகழ்ந்தவற்றை வரிசைப்படுத்தினால் வேறொரு முறை புலப்படுகிறது. வென்றவர் தோற்றவருடைய நாற்காலியில் தமக்கு இசைவான ஒருவரை அமர்த்தி, அவரோடே சமாதானம் செய்துகொண்டார்.

முதலாவது மைசூர். திப்புவின் புதல்வரோடு எவரும் உடன்படிக்கை பேசவில்லை. 1799 ஜூன் 22இல் கம்பெனியும் நிஜாமும் தமக்குள் நாட்டைப் பங்கிட்டனர். எஞ்சிய பகுதிக்குப் பழைய உடையார் மரபில் வந்த ஐந்து வயதுச் சிறுவன் கிருஷ்ணராஜன் அரசனாக்கப்பட்டான். பின்னர் அச்சிறுவனின் பெயராலேயே துணைப்படை உடன்படிக்கை செய்யப்பட்டது.

இரண்டாவது சேப்பாக்கம். 1801 ஜூலை 15இல் நவாபு உம்தத்-உல்-உமரா காலமானார். அவரும் அவர் தந்தையும் திப்புவோடு இரகசியக் கடிதப் போக்குவரத்து வைத்திருந்தனர் எனக் கம்பெனி குற்றஞ்சாட்டி, ஆட்சியை ஒப்படைக்குமாறு வாரிசான அலி உசேனைக் கேட்டது. அலி உசேன் மறுத்தார். உடனே அதே குடும்பத்தைச் சேர்ந்த அசீம்-உத்-தௌலாவிடம் நிபந்தனைகள் காட்டப்பட்டன, அவர் இசைந்தார், அவரே நவாபு ஆனார். ஜூலை 31இல் கையெழுத்தான உடன்படிக்கையின்படி கர்நாடகம் முழுவதன் ஆட்சியும் படையும் கம்பெனியைச் சேர்ந்தன. நவாபுக்கு நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் பட்டமும் எஞ்சின. மறுத்தவரோடு பேச்சைத் தொடராமல், இசைபவரைத் தேடிக் கண்டுபிடித்ததே அங்கு நடந்த பேச்சுவார்த்தையின் சாரம்.

மூன்றாவது சிவகங்கை. 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய ஊமைத்துரையும் அவர் தோழரும் இடிக்கப்பட்ட பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைச் சில நாட்களிலேயே மீண்டும் எழுப்பினர். மார்ச்சு இறுதியில் அதைத் தாக்கிய படை பின்வாங்கிற்று; மே 24இல் கர்னல் அக்னியூவின் தலைமையில் கோட்டை வீழ்ந்தது. ஊமைத்துரை வடக்கே சிவகங்கைச் சீமைக்குச் சென்று மருதிருவரோடு சேர்ந்தார். ஜூன் திங்களில் திருச்சிராப்பள்ளிக் கோட்டையிலும் திருவரங்கத்திலும் சின்ன மருதுவின் அறிக்கை ஒட்டப்பட்டது. சாதி, சமய வேறுபாடின்றி யாவரும் ஒன்றுபட்டு அந்நியரை எதிர்க்க வேண்டுமென அது அறைகூவிற்று. கம்பெனி படையால் மட்டும் இதற்கு விடை சொல்லவில்லை. மருதிருவரால் ஒதுக்கப்பட்டிருந்த படமாத்தூர் கௌரி வல்லபத் தேவரைத் தேடிப்பிடித்து, செப்டம்பரில் சோழபுரத்தில் அவரைச் சிவகங்கையின் உரிமையாளராக அறிவித்தது. மக்களில் ஒரு பகுதியினர் மருதிருவரைவிட்டு விலகினர். அக்டோபர் தொடக்கத்தில் காளையார்கோவில் வீழ்ந்தது. அக்டோபர் 24இல் மருதிருவர் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். நவம்பர் 16இல் ஊமைத்துரை பாஞ்சாலங்குறிச்சியில் தூக்கிலிடப்பட்டார்.

மூன்று ஆண்டுகளில் மூன்று சிம்மாசனங்கள். மூன்றிலும் அமர்ந்தவருக்கு ஏதோ ஓர் உரிமை இருந்தது. கம்பெனி முற்றிலும் புதியவர் எவரையும் கொண்டுவரவில்லை. இம்முறையின் வலிமையே அதில்தான் அடங்கியிருந்தது. பழைய அநீதி ஒன்றைச் சரிசெய்வதாகவே ஒவ்வொரு நியமனமும் காட்சியளித்தது.

டிசம்பர் அறிக்கையின் நிபந்தனைகள்

1801 டிசம்பர் 1இல் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் பிரபு அறிக்கையொன்றை வெளியிட்டார். பாளைய நாட்டுக்கான சமாதான ஒப்பந்தம் என ஏதாவது உண்டென்றால் அது இவ்வறிக்கையே. அதன் வடிவத்தை நாம் கவனிக்கவேண்டும். அது உடன்படிக்கையன்று. அதில் இரண்டாவது கையெழுத்து இல்லை.

நிபந்தனைகள் பலவாயினும் அவற்றை நான்காகத் தொகுக்கலாம். ஒன்று, ஆயுதம். பாளையக்காரரும் அவர் ஏவலரும் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும், மீறுவோருக்குக் கடுந்தண்டனை. கோட்டைகள் இடிக்கப்பட வேண்டும். இரண்டு, காவல். ஊரையும் வழியையும் காக்கும் பொறுப்பும், அதற்காகத் தண்டப்பட்டு வந்த காவற்பணமும் பாளையக்காரரைவிட்டு நீங்கின. மூன்று, நிலவரி. கப்பத்துக்குப் பதிலாக நிரந்தரமாக அறுதியிட்ட கிஸ்தி ஏற்படும் என வாக்களிக்கப்பட்டது. 1802ஆம் ஆண்டின் இருபத்தைந்தாம் ஒழுங்குவிதியின்படி 1803இல் இராமநாதபுரம், சிவகங்கை, எட்டயபுரம் முதலிய சீமைகளுக்கு ஜமீன் சனதுகள் வழங்கப்பட்டன. வாளேந்தியவர் வரி தண்டும் ஜமீன்தார் ஆனார். நான்கு, நாடு கடத்தல். பொதுமக்களுக்கு மன்னிப்பு என்று சொல்லப்பட்டாலும், சின்ன மருதுவின் மகன் துரைசாமி உள்ளிட்ட 73 பேர் 1802இல் கப்பலேற்றப்பட்டுப் பினாங்குத் தீவுக்கு அனுப்பப்பட்டனர்.

அப்போரில் கம்பெனிப் பக்கம் நின்று போரிட்ட ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் அதிகாரி, தமக்கு வேலெறியவும் வளரி வீசவும் முதலில் கற்றுத்தந்தவர் சின்ன மருதுவே என நன்றியோடு எழுதியவர். 1818இல் அவர் பினாங்கில் துரைசாமியைச் சந்தித்தார். நாடு கடத்தப்பட்டபோது இளைஞனாயிருந்த அவரை வயதுக்கு மீறிய முதுமை தளர்த்தியிருந்தது. வெல்ஷுக்கு முதலில் ஆள் அடையாளமே தெரியவில்லை. சமாதான நிபந்தனை எனும் சொல்லை நாம் படிக்கும்போதெல்லாம் இம்மனிதரின் முகத்தையும் உடன் நினைத்துக்கொள்வது நன்று.

பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை தரைமட்டமாக்கப்பட்டு, உழப்பட்டு, ஆமணக்கு விதைக்கப்பட்டதென்று கூறுவர். ஊர்ப் பெயரையே கணக்கேடுகளிலிருந்து நீக்க ஆணை பிறந்தது. பகைவரின் அரணைக் கழுதை ஏர் பூட்டி உழும் வழக்கத்தைப் புறநானூறு அறியும். அபிமெலேக்கு சீகேமை இடித்து உப்பு விதைத்ததை நாமும் நியாயாதிபதிகள் நூலில் படிக்கிறோம் (நியா. 9:45). ஆயினும் பெயர் அழியவில்லை. 1974இல் தமிழக அரசு அங்கே நினைவுக் கோட்டை எழுப்பிற்று. அதன் அருகே ஆங்கிலப் படையினரின் கல்லறைகளும் இன்றுவரை இருக்கின்றன.

இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். பாளையக்காரரின் ஆட்சி குடிகளுக்குப் பொற்காலமாய் இருந்ததென நாம் கருதலாகாது. காவற்பணம் பல ஊர்களில் கொள்ளையின் மறுபெயராகவே இருந்தது. பாளையங்களிடையே ஓயாத பூசல்களில் விளைச்சலை இழந்தவன் உழவனே. ஆகையால் டிசம்பர் அறிக்கை கொணர்ந்த அமைதியில் உண்மையான நன்மையும் இருந்தது. ஆனால் நிரந்தரக் கிஸ்தி ஜமீன்தாருக்கே நிரந்தரமாயிற்று. உழவன் கொடுத்த வாரமோ ஜமீன்தாரின் விருப்பத்தையும் வழக்குமன்றத்தையும் பொறுத்ததாயிற்று. 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வரையில் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு இக்கரிசல் காட்டில் உழைத்தோர் அந்த நிபந்தனையின் கீழ் வாழ்ந்தனர். பாளையக்காரருக்கே இடமில்லாத மேசையில் அவர்களுக்கு இடம் இருந்திருக்குமா என்று கேட்கவும் வேண்டியதில்லை. பாளையக்காரருக்கு இடம் கிடைத்திருந்தாலும் இவர்களுக்குக் கிடைத்திராது என்பதே கசப்பான உண்மை.

திருமறை காட்டும் வென்றோர்

இம்முறைகள் யாவும் திருமறைக்குப் புதியன அல்ல. பார்வோன் நேகோ எலியாக்கீமை அரசனாக்கி அவன் பெயரை யோயாக்கீம் என மாற்றினான் (2 இரா. 23:34). நேபுகாத்நேச்சார் மத்தனியாவை அரசனாக்கி அவனுக்குச் சிதேக்கியா எனப் பெயரிட்டான் (2 இரா. 24:17). இருவரும் தாவீதின் மரபினரே, உரிமையற்றவர் அல்லர். நாற்காலியும் மரபும் பழையன. அமர்த்திய கை புதிது. ஆயுதம் பறித்தலையும் அங்குக் காண்கிறோம். இஸ்ரவேல் நாட்டில் கொல்லன் ஒருவனும் இராதபடி பெலிஸ்தர் பார்த்துக்கொண்டனர், கொழுவைத் தீட்டவும் இஸ்ரவேலர் பெலிஸ்தரிடமே போகவேண்டியிருந்தது (1 சாமு. 13:19–21). ஆயுதத்தைப் பறித்தவன் உழவுக் கருவியின்மேலும் அதிகாரம் பெறுகிறான் என்பதை இதைவிடத் தெளிவாய்ச் சொல்ல முடியாது. யாபேசின் மனிதர் உடன்படிக்கை கேட்டபோது அம்மோனியனாகிய நாகாஸ் அவர்களது வலக்கண்ணை விலையாகக் கேட்டான் (1 சாமு. 11:1–2). வேண்டியது வெற்றி மட்டுமன்று. இஸ்ரவேல் முழுவதன் இழிவும் அவனுக்கு வேண்டியிருந்தது.

ஆயினும் நமக்குக் கடினமான பகுதியையும் நாம் மறைத்தலாகாது. வென்ற ஆகாப் தோற்ற பெனாதாத்தைச் சகோதரன் என அழைத்து, அவனோடு உடன்படிக்கை செய்து அனுப்பிவிட்டான், தீர்க்கதரிசியோ அவனைக் கடிந்துகொண்டான் (1 இரா. 20:31–42). இரக்கமுள்ள சமாதானம் என்பதால் மட்டும் ஒரு சமாதானம் நீதியுள்ளதாகிவிடாது. இரு அரசர் தங்களுக்குள் கைகுலுக்கி, போரால் அழிந்த எளியோரை மறப்பதும் கூடும். ஆகவே, நிபந்தனை கடுமையா, மென்மையா என்பது முதல் வினா அன்று. அது யாரைக் கேட்டு எழுதப்பட்டது என்பதே முதல் வினா.

பிற்காலத்து எடுத்துக்காட்டுகள்

உலக வரலாறும் இதற்குச் சான்று பகர்கிறது. நெப்போலியனின் வீழ்ச்சிக்குப்பின் 1814–15இல் வியன்னாவில் கூடிய வல்லரசுகள், தோற்ற பிரான்சின் தூதர் தலேராணுக்கும் இடமளித்தன. அந்த ஏற்பாட்டில் சிறு இனங்கள் பல நசுக்கப்பட்டன எனினும், பிரான்சு பழிவாங்கக் காத்திருக்கும் நாடாக விடப்படவில்லை. 1919இல் நடந்தது வேறு. மே 7இல் ஜெர்மானியரிடம் நிபந்தனைகள் எழுத்தில் கொடுக்கப்பட்டன. நேருக்கு நேர் பேச அவர்களுக்கு இடமில்லை. எழுத்தில் மறுமொழி தரலாம் என்பதே சலுகை. ஜூன் 28இல் வெர்சேல்ஸில் அவர்கள் கையெழுத்திட்டனர். வென்றோர் வரிசையில் இந்தியாவின் பெயரால் கையெழுத்திட்டவர்கள் இந்திய அமைச்சர் மாண்டேகுவும் பிகானேர் மகாராசாவும். இந்திய மக்கள் தேர்ந்தெடுத்தவர் எவரும் அங்கு இல்லை. இங்கும் வென்றவரே நாற்காலியில் ஆளை அமர்த்தினார்.

அவ்வுடன்படிக்கையின் 438ஆம் விதி நம் திருச்சபை வரலாற்றையே தொட்டது. ஜெர்மானிய மிஷன்களின் சொத்துக்கள் அறங்காவலர் குழுக்களிடம் ஒப்படைக்கப்பட வேண்டுமென அது கூறிற்று. போர்க்காலத்திலேயே லைப்சிக் மிஷனெரிமார் தமிழகத்தைவிட்டு வெளியேற்றப்பட்டிருந்தனர். அவர்கள் பணியைச் சுவீடன் திருச்சபை மிஷன் தாங்கிற்று. இந்நெருக்கடியிலேதான் 1919 ஜனவரி 14இல் தரங்கம்பாடியில் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை உருவாயிற்று. வென்றோரின் நிபந்தனை ஒரு திருச்சபையின் தன்னாட்சிக்கு வழி திறந்தது. கடவுள் அநீதியான ஏற்பாடுகளின் நடுவிலும் செயலாற்றுகிறார் என்பதற்கு இது சான்று. அவ்வேற்பாடு நீதியானது என்பதற்கு இது சான்றாகாது.

1951இல் சான் பிரான்சிஸ்கோவில் ஜப்பானோடு சமாதான உடன்படிக்கை செய்யப்பட்டபோது, சுதந்தர இந்தியா அதில் கலந்துகொள்ளவில்லை. 1952 ஜூன் 9இல் டோக்கியோவில் தனி உடன்படிக்கை செய்து, இழப்பீட்டுக் கோரிக்கைகள் யாவற்றையும் விட்டுக்கொடுத்தது. வெர்சேல்ஸின் பிழையை மீண்டும் செய்யாத பெருந்தன்மை அது. நாம் அதைப் பாராட்டலாம். ஆனால் ஆகாபைக் குறித்த வினா இங்கும் நம்மை விடுவதில்லை. சயாம்–பர்மா இரயில் பாதையில் உழைக்கக் கொண்டுசெல்லப்பட்டு மாண்ட மலாயாத் தமிழ்த் தோட்டத் தொழிலாளரின் குடும்பத்தார் சான் பிரான்சிஸ்கோவிலும் அமரவில்லை, டோக்கியோவிலும் அமரவில்லை.

திருச்சபை எங்கே நின்றது?

பிறரை ஆராய்ந்த நாம் நம்மையும் ஆராய்ந்தாகவேண்டும். 1779இல் சென்னை ஆளுநர் ரம்போல்டு, ஐதர் அலியிடம் சமாதானத் தூதராக அனுப்பியவர் தஞ்சை மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயர். அவருடைய நேர்மையை ஐதர் மதித்தார். பயணச் செலவுக்கென ஐதர் தந்த பணத்தையும் சுவார்ட்ஸ் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் அனுப்பிய அரசின் எண்ணம் தூதரின் எண்ணத்தைப்போல் இருக்கவில்லை. அடுத்த ஆண்டிலேயே ஐதரின் படை கர்நாடகத்தினுள் புகுந்தது. தூதர் உண்மையுள்ளவராயிருப்பது மட்டும் போதாது. யாருடைய தூதர் என்பதும் முக்கியம்.

தஞ்சையில் இளவரசர் சரபோசியின் பாதுகாவலராயிருந்து, அவருடைய உரிமைக்காக வாதாடியவரும் சுவார்ட்ஸ் ஐயரே. அது நீதியான வாதம். ஆனால் அவர் மறைந்த 1798ஆம் ஆண்டிலேயே கம்பெனி சரபோசியை அரியணையேற்றி, அடுத்த ஆண்டில் தஞ்சையின் ஆட்சியை அவரிடமிருந்து பெற்றுக்கொண்டது. போதகர் நீதிக்கென எழுப்பிய குரலை வல்லவர் தம் நோக்கத்துக்குப் பயன்படுத்திக்கொண்டனர். மூன்று சிம்மாசனங்கள் என மேலே கூறினோம். நான்காவதன் அடியில் நம் கைவேலையும் சிறிது உண்டு.

கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட அதே 1799இல், திருநெல்வேலிச் சீமையின் தேரிக்காட்டில், துன்புறுத்தப்பட்ட கிறிஸ்தவர்களுக்கென முதலூர் நிறுவப்பட்டது. தாவீது சுந்தரானந்தத்தின் பெயர் அதனோடு இணைந்தது. பாளையப் போர் ஓய்ந்தபின், 1802–03இல், கெரிக்கே ஐயரும் சத்தியநாதன் ஐயரும் அச்சீமையில் ஆயிரக்கணக்கானோருக்குத் திருமுழுக்களித்தனர். அம்மக்களுக்குப் பாளையக்காரர் ஆட்சியிலும் இடமில்லை, கம்பெனி உடன்படிக்கையிலும் இடமில்லை. அவர்கள் திருச்சபையில் தேடியது அத்தகைய ஓர் இடத்தையே. ஆயினும் நாம் வளர்ந்தது வென்றவரின் அமைதிக்குள் என்பதை மறுக்க முடியாது. 1881இல் திருநெல்வேலி வரலாற்றை எழுதிய பேராயர் கால்டுவெல் பாளையப் போர்களை விரிவாகவே பதிவுசெய்தார். ஆங்கில ஆட்சி தந்த அமைதியை நன்மையாகவே கண்டார். அவர் பொய்யுரைக்கவில்லை. அவர் நின்ற இடத்திலிருந்து அது நன்மையாகவே தெரிந்தது. திருநெல்வேலியில் கிறிஸ்தவர் அமைதியாய் வழிபட்ட ஞாயிற்றுக்கிழமைகளில் பினாங்கில் துரைசாமி மூப்படைந்துகொண்டிருந்தார் என்பதையும் சேர்த்துக் காண்பது இப்பொழுது நம் கடமை.

நம் ஊழியத்துக்குச் சில குறிப்புகள்

பேரரசுகளின் உடன்படிக்கைகளை எழுதும் பொறுப்பு நம்மிடம் வரப்போவதில்லை. ஆனால் இக்கரிசல் நாட்டில் ஊழியம் செய்யும் ஆயர் எவரும் ஒருநாள் ஒரு சமாதானக் கூட்டத்தில் அமர நேரிடும். இரு தெருக்களுக்கிடையே மோதல் நிகழ்ந்திருக்கும்; குடிசைகள் எரிந்திருக்கும்; கண்மாய்த் தண்ணீரோ, திருவிழா ஊர்வலமோ, கல்லறைத் தோட்டத்துப் பாதையோ காரணமாயிருக்கும். வட்டாட்சியரும் காவல் அதிகாரியும் ஊர்ப் பெரியவர்களும் அமர்ந்திருக்க, போதகரும் அழைக்கப்படுவார். விரைவாய்ப் பேசி முடித்துக் கையெழுத்திட வேண்டுமென யாவரும் விரும்புவர். அவ்வேளையில் 1801ஆம் ஆண்டு நமக்கு நினைவு வரவேண்டும்.

பாதிக்கப்பட்ட தெருவின் சார்பில் அங்கு அமர்ந்திருப்பவர் யார்? அத்தெருவார் அனுப்பியவரா, அல்லது எதிர்த்தரப்பாருக்கு இசைவானவர் என்பதால் அழைத்துவரப்பட்டவரா? மறுத்துப் பேசியவர் ஒருவர் இருந்தாரா. இருந்தால் அவர் இப்பொழுது எங்கே? ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டுமென எழுதுகிறோமே, அதன்பின் அவர்களை யார் காப்பார் என்றும் எழுதுகிறோமா? வழக்கைத் திரும்பப்பெற வேண்டும் என்ற நிபந்தனை யாருக்கு நன்மை, யாருக்கு இழப்பு? எரிந்த வீட்டுக்குரிய பெண் ஒருத்தியாவது அவ்வறையில் இருக்கிறாளா? இவற்றைக் கேட்பதால் கூட்டம் நீளும். நமக்கு நற்பெயரும் குறையலாம். அழைத்தவர்கள் அடுத்தமுறை நம்மை அழைக்காமலும் போகலாம்.

எபேசியருக்கு எழுதிய நிருபம் கிறிஸ்துவையே நம் சமாதானம் என அறிக்கையிடும்போது, தூரமாயிருந்தோருக்கும் சமீபமாயிருந்தோருக்கும் அவர் சமாதானத்தை அறிவித்தார் எனக் கூறுகிறது (எபே. 2:14–17). அங்குத் தூரமாயிருந்தோருக்குப் பதிலாக வேறொருவர் நிறுத்தப்படவில்லை. அவர்களே கிட்டிச் சேர்க்கப்படுகின்றனர். நடுச்சுவரை அவர் தகர்த்தது பிறர் இரத்தத்தாலன்று, தம் மாம்சத்தினாலேயே. வென்றவர் விலை கொடுக்கும் சமாதானம் அது. டிசம்பர் அறிக்கையில் இல்லாத இரண்டாவது கையெழுத்துக்கு நம் கூட்டங்களிலாவது இடம் வைப்போமாக. அதற்காக வெளியே நிற்பவரை உள்ளே அழைத்துவர நாம் எழுந்து செல்லவேண்டியிருந்தால், கூட்டம் அதுவரை காத்திருக்கட்டும்.